ஹோம் தியேட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள்

 

இது நீளமான பதிவு. பெரிய ரீவியும் ரிசீவரும் வைத்திருப்பவர்கள் மட்டும் வாசித்தால் போதும் என்று முதலில் நினைத்தேன். எழுதிக்கொண்டு போகும்போது, வீட்டில் ஒரு பழைய கலியாணக் கசெற்றாவது மிச்சமிருக்கிற எல்லாரும் வாசிக்க வேண்டும் என்று பட்டது. வீட்டில் ரீவி இருக்கலாமா கூடாதா என்ற விவாதத்தைத் தயவுசெய்து இதற்குக் கீழே தொடங்க வேண்டாம். அதற்கு வேறு ஆட்களின் பதிவுகள் இருக்கின்றன.

ஹஜ்ஜுப் பெருநாள் பின்னேரம் சின்ன மாமா வீட்டில் எல்லாரும் கூடினோம். மாமா கட்டாரில் பதினொரு வருசம் வேலை செய்துவிட்டு வந்தவர். வரும்போது ரிசீவர் ஒன்றும் ஐந்து ஸ்பீக்கரும் கொண்டு வந்தார். 55 அங்குல ரீவியை இங்கே வாங்கினார். பூட்டிக் கொடுக்க ஒருவர் வந்தார். வயரெல்லாம் வடிவாக இழுத்துச் சுவரில் கிளிப் அடித்து, ஒரு சண்டைப் படத்தைப் போட்டு ஜன்னல் கண்ணாடியை அதிர வைத்துக் காட்டிவிட்டு, காசை வாங்கிக்கொண்டு போனார். ரிசீவரின் வீடியோ மெனுவுக்குள் அவர் போனதாகத் தெரியவில்லை. மாமாவும் போகவில்லை. சத்தம் நன்றாக வந்தால் ஹோம் தியேட்டர் சரி என்பதுதான் நம் ஊர்க் கணக்கு.

அன்று போட்டது பெரிய மாமாவின் கலியாணக் கசெற். 1986இல் தண்ணீரூற்றில், எங்கள் பழைய வீட்டு முற்றத்தில் எடுத்தது. 1990 ஒக்டோபரில் ஊரை விட்டுப் போன நேரம் அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. மாமி கற்பிட்டிக்காரி. அவருடைய வாப்பா வீட்டில் ஒரு கொப்பி இருந்தபடியால்தான் இந்தக் கசெற் தப்பியது. பெரிய மாமா 1995இல் புத்தளத்தில் மவுத்தாகிவிட்டார். அடையாள அட்டைப் படம் ஒன்றைத் தவிர அவருடைய போட்டோ எங்களிடம் கிடையாது. நான் அவரை நேரில் பார்த்த ஞாபகமே இல்லாத ஆள். எனக்கு அவர் என்றால் இந்தக் கசெற்தான்.

மாமி வீட்டு டெக் இன்னும் ஓடுகிறது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர் மூன்றையும் ரிசீவரின் பின்னால் குத்தினோம். படம் வந்தது. உம்மும்மாவை முன்வரிசைக் கதிரையில் இருத்தினோம். மாப்பிள்ளை வந்தார்: அகன்ற முகம், கழுத்தே இல்லை, பயில்வான் தோள்.

"இது ஆரு?" என்று உம்மும்மா கேட்டார்.

"உங்கட மூத்த மகன்தான் உம்மும்மா."

"என்ட பிள்ளை இப்பிடியா இருந்தான்? அவன் ஒல்லிப் பொடியன். காத்தடிச்சா விழுந்திடுவான். இது வேற ஆரோ."

எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வயது எண்பதைத் தாண்டியவர், பார்வை மங்கல் என்று விட்டுவிட்டோம். அவர் இரண்டாம் தரமும் அதையே சொன்ன பிறகுதான் நான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். பந்தலில் கட்டியிருந்த பலூன்கள் பூசணிக்காய் மாதிரிக் கிடந்தன. சுவர் மணிக்கூடு முட்டை வடிவில் இருந்தது. அறைக்குள் இருந்த இருபது பேரில் சரியாகப் பார்த்தவர் உம்மும்மா ஒருவர்தான்.

காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. அந்தக் காலத்துக் கமெரா எடுத்த படம் 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம். இப்போது கடையில் விற்கிற ரீவி 16க்கு 9. பழைய படத்தை அப்படியே வைத்தால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். பட்டை விழாமல் இழுத்து நிரப்பினால் படத்தில் உள்ள எல்லாமே அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும், உயரம் மாறாது. பன்னிரண்டு அங்குலத் தோள் பதினாறு அங்குலம் ஆகும். ஒல்லியான மனிதர் பயில்வான் ஆவது இப்படித்தான்.

இழுத்தது யார் என்று கண்டுபிடிப்பதில்தான் ஆட்கள் குழம்புகிறார்கள். டெக்கிலிருந்து புறப்பட்ட படம் கண்ணுக்கு வருவதற்குள் இரண்டு கை மாறுகிறது. முதலில் ரிசீவர். மஞ்சள் வயரில் வருகிற பழைய சிக்னலை எச்டிஎம்ஐ ஆக மாற்றி, விரும்பினால் 1080பி, 4கே என்று பெருப்பித்து அனுப்புவது அது. இரண்டாவது ரீவி. அதுவும் தன் பங்குக்கு இழுக்கும், வெட்டும், மினுக்கும். இரண்டு பேரும் வேலை செய்தால் படம் நாசம். யாராவது ஒருவரை மட்டும் வேலை செய்ய விட்டு மற்றவரைச் சும்மா இருக்கச் சொல்வதுதான் முழு வித்தை.

ரிசீவர் மெனுவில் செற்றப் என்பதற்குள் வீடியோ என்று ஒரு பகுதி இருக்கும். பெயர்கள் கொம்பனிக்குக் கொம்பனி வேறு. யமஹாவின் பல மொடல்களில் "வீடியோ மோட்" என்று இருக்கும்; டிரெக்ட் என்றால் ரிசீவர் படத்தில் கை வைக்காது, புரொசெஸிங் என்றால் வைக்கும். புரொசெஸிங்கில் போட்டால் அதற்குக் கீழே "அஸ்பெக்ட்" திறக்கும். அதில் "16:9 நோர்மல்" என்பதைத் தெரிவு செய்தால் பழைய படம் தன் அளவிலேயே நடுவில் நிற்கும், பக்கத்தில் பட்டை விழும். டெனோனில் "வீடியோ கொன்வேர்ஷன்" ஓன் ஆக இருக்க வேண்டும், "ஐ/பி ஸ்கேலர்" அனலொக்கில் இருக்க வேண்டும், "அஸ்பெக்ட் ரேஷியோ" 4:3 ஆக இருக்க வேண்டும். மாமாவின் பெட்டியில் கடைசியாகச் சொன்னது 16:9 இல் நின்றது. 4:3 ஆக்கினேன். மொத்தமாக இரண்டு நிமிசம் போயிருக்கும். மொடலுக்கு மொடல் மெனு கொஞ்சம் மாறும், ஆனால் தேட வேண்டிய சொல் அஸ்பெக்ட் என்பதுதான்.

பெரிய மாமா மெலிந்தார். உம்மும்மா ஒன்றும் சொல்லவில்லை, கதிரையை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுக்கச் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தால் மச்சான்மார் விடவில்லை. "என்ன சேர், இவ்வளவு காசு குடுத்துப் பெரிய ரீவி எடுத்தது ரெண்டு பக்கமும் கறுப்பு அடிக்கவா?" ஒருவர் ரீவி ரிமோட்டை எடுத்துப் படத்தின் அளவை ஸூம் ஆக்கினார். திரை நிறைந்தது, முகமும் ஊதவில்லை. எல்லாருக்கும் சந்தோசம். எனக்கும் அது பரவாயில்லை என்றுதான் பட்டது, உண்மையைச் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டு வட்டிலப்பத்தைச் சாப்பிட்டேன்.

மஃரிபுக்குப் பிறகு எங்கள் பாடசாலை ரீச்சர் ஒருவர் பெருநாளுக்கு என்று வந்தார். அவருடைய குடும்பமும் அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கைதான். நாங்கள் 1990இல் போனோம். அவர்கள் இருந்தார்கள், 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடினார்கள். படம், பத்திரம் ஒன்றுமில்லை. அவருடைய அப்பா வயரிங் வேலை செய்தவர். அந்தச் சனத்தோடு ஓடிய வழியில் போய்ச் சேர்ந்துவிட்டார். உம்மா அவரைக் கண்டதும், "பிள்ளை, இந்தக் கலியாணத்துக்கு லைற் போட்டது உங்கட அப்பாதான். இதில நிப்பார், இருந்து பாருங்கோ" என்றார். கசெற்றைத் திரும்ப முதலிலிருந்து ஓட விட்டோம்.

பந்தல் வந்தது. பந்தல் காலடியில் ஒரு வாங்கு. வாங்கில் இரண்டு கால், மடித்துக் கட்டிய சாரம், மேலே தூக்கிய கை. தலை இல்லை. ரியூப் லைற் கட்டிக்கொண்டிருக்கிறார், தலை திரைக்கு வெளியே. கமெரா அப்படியே நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டது. ரீச்சர் ஒன்றும் பேசவில்லை. "கமெராக்காரன் சரியா எடுக்கேல்ல போல" என்று உம்மா சமாளித்தார்.

கமெராக்காரர் பாவம், அவர் சரியாகத்தான் எடுத்திருந்தார். 4க்கு 3 படத்தை ஸூம் பண்ணி 16க்கு 9 திரையை நிரப்பினால் உயரத்தில் நாலில் ஒரு பங்கு வெளியே போய்விடும். மேலே எட்டில் ஒன்று, கீழே எட்டில் ஒன்று. எனக்குக் கணக்குத் தெரியும், வகுப்பில் பின்னம் படிப்பிக்கிறவன். இருந்தும் அந்த நேரம் விளங்கச் சில விநாடி எடுத்தது. ரிமோட்டை வாங்கி ஸூமை எடுத்தேன். டெக்கைப் பின்னுக்கு ஓட்டினேன். பந்தல் திரும்ப வந்தது. இந்த முறை வாங்கின் மேலே முழு ஆள். படத்தின் ஆக மேல் ஓரத்தில் முகம். பல்லுக்கிடையில் கறுப்பு ரேப் சுருளைக் கடித்துக்கொண்டு, கமெராவைக் குனிந்து பார்க்கிறார். நாலு விநாடி, கூடினால் ஐந்து.

"சேர், இன்னொருக்காப் போடுங்கோ."

எத்தனை தரம் போட்டோம் என்று எண்ணவில்லை. அடுத்த நாள் அவருடைய அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

இதற்குப் பிறகு நான் இந்த விசயத்தில் கொஞ்சம் பிடிவாதக்காரன் ஆகிவிட்டேன். என்னுடைய நிலைப்பாடு இதுதான்: ரிசீவரும் ரீவியும் தபால்காரர் மாதிரி இருக்க வேண்டும். கடிதத்தைக் கொண்டு வந்து தர வேண்டும். திறந்து இரண்டு வரியை வெட்டி, எழுத்தைப் பெருப்பித்து, நிறம் அடித்துத் தரக் கூடாது. அதிலும் நம்முடைய இந்தப் பகுதி ஆட்களிடம் பழைய படம் என்று இருப்பதே கொஞ்சம். மற்ற ஊர்களில் ஒரு வீட்டில் பத்து அல்பம் இருக்கும், ஒரு கசெற் இழுபட்டால் இன்னொன்றைப் பார்த்துக்கொள்வார்கள். முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ ஒரு ஒழுங்கைக்கே ஒரு கசெற்தான் மிஞ்சியிருக்கலாம். அதன் ஓரத்தில் நிற்கிறவர் யார் வீட்டு ஆள் என்று யாருக்குத் தெரியும்?

"திரை முழுக்க வராவிட்டால் காசு வீண்" என்கிறவர்களுக்கு: காணியின் நடுவில் வீட்டைக் கட்டி நாலு பக்கமும் முற்றம் விடுகிறோம். முற்றம் வீண் என்று யாரும் சுவரை எல்லை வேலி வரைக்கும் இழுத்துக் கட்டுவதில்லை. கறுப்புப் பட்டை படத்தின் முற்றம். ஐந்து நிமிசத்தில் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இன்னொன்றும் நடந்தது. எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வகுப்பில் கேட்டது: "சேர், அந்தக் காலத்தில எல்லாரும் குண்டா இருந்தவங்களா?" எங்கே பார்த்தாய் என்று கேட்டேன். வீட்டில் வாப்பாவின் கலியாண வீடியோவில் பார்த்ததாம். வகுப்பே சிரித்தது. ஆனால் அந்தப் பிள்ளை கண்டதைத்தான் கேட்டது. அது பிறக்க முந்திய ஊரை அது வேறு எப்படிப் பார்க்கும்?

இனி மற்றச் செற்றிங்ஸ். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை, நம் வீடுகளில் தொல்லை தருகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடையில் வெளிச்சத்துக்குள் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ரீவி "விவிட்" அல்லது "டைனமிக்" என்ற நிலையில் வரும். பழைய கசெற்றை அதில் பார்த்தால் முகமெல்லாம் மஞ்சள் பூசினது மாதிரி இருக்கும். சினிமா அல்லது மூவி என்பதற்கு மாற்றுங்கள். ஷார்ப்னஸைக் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் குறையுங்கள். அது தெளிவைக் கூட்டாது, உருவங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு போடும், அவ்வளவுதான். நொய்ஸ் ரிடக்ஷன் என்பது புள்ளிகளைத் துடைக்கும்போது முகத்துச் சுருக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். உம்மும்மாவுடைய உம்மா அந்தக் கசெற்றில் ஒரு இடத்தில் வருகிறார். நொய்ஸ் ரிடக்ஷன் ஓன் ஆக இருந்தபோது அவருக்கு மெழுகுப் பொம்மையின் முகம். சில ரிசீவர்களிலும் இதே பெயரில் இதே வேலை இருக்கிறது, ஆகையால் இரண்டு மெனுவையும் பாருங்கள்.

மோஷன் என்று தொடங்குகிற செற்றிங் ஒன்று ரீவியில் இருக்கும். ஒரு கொம்பனி ஒரு பெயர் வைத்திருக்கிறது, வேலை ஒன்றுதான். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் இல்லாத படத்தை ரீவி தானே கற்பனை பண்ணிச் செருகுகிறது. சினிமா விநாடிக்கு 24 படம். செருகினதும் அது ரீவி நாடகம் மாதிரி வழுக்கும். இது நம்முடைய முறைப்பாடு மட்டும் இல்லை. 2018 டிசம்பரில் ஹொலிவூட் நடிகர் டொம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்ரோபர் மக்குவாரியும் சேர்ந்து, வீட்டு ரீவியில் இதை நிற்பாட்டச் சொல்லி ஒரு வீடியோவே போட்டார்கள். அடுத்த வருசம், 2019இல், "ஃபில்ம்மேக்கர் மோட்" என்று ஒரு நிலை அறிவிக்கப்பட்டது. மார்ட்டின் ஸ்கோர்செஸி, கிறிஸ்ரோபர் நோலன் போன்ற இயக்குநர்கள் ஆதரவு கொடுத்தார்கள். அதை அமத்தினால் படத்தின் உண்மையான அகல உயரமும் வேகமும் நிறமும் மாறாமல் வரும். புதிய ரீவிகள் பலவற்றில் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவழித்துப் படம் எடுக்கிறவர்களே, தாங்கள் எடுத்ததை வீட்டுப் பெட்டி மாற்றக் கூடாது என்று கெஞ்சுகிறார்கள். நம்முடைய முற்றத்தில் எடுத்த கலியாணத்துக்காகக் கெஞ்ச யாரும் இல்லை, அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது சத்தமும் வாயும் பொருந்தாத பிரச்சினை. படத்தை ரீவி பெருப்பித்து மினுக்க நேரம் எடுக்கும், சத்தத்தை ரிசீவர் உடனே ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். ஆகவே ஆள் வாயைத் திறக்க முன்பே பேச்சு வந்துவிடும். இதற்கு ரிசீவரில் "லிப் சிங்க்" அல்லது "ஓடியோ டிலே" என்று இருக்கிறது. சத்தத்தை மில்லிவிநாடிக் கணக்கில் பிந்த வைக்கும். ஓட்டோவில் விட்டுச் சரிவராவிட்டால் கையால் வைக்கலாம். பேசுகிற வாயைப் பார்த்துச் சரிபண்ணுவது கஷ்டம். நான் பைத் படிக்கிற இடத்துக்குப் போய் ரபான் அடிக்கிற கையைப் பார்த்து வைத்தேன். கை தோலில் படும் நேரமும் சத்தமும் ஒன்றாக வரும் வரைக்கும் பத்துப் பத்தாகக் கூட்டினால் போதும். இந்தச் செற்றிங் சத்தத்தைப் பிந்த வைக்க மட்டும்தான் உதவும். முந்த வைக்காது. சத்தம் ஏற்கனவே பிந்தி வந்தால் ரீவியில் மினுக்குகிற வேலைகளைக் குறைத்தும் பயன் இல்லை; டிலேயைப் பூச்சியத்துக்குக் கொண்டு வாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து பெட்டி கொண்டு வந்தவர்களுக்கு ஒரு விசயம். நம் நாட்டு ரீவி முறை பால். குடிக்கிற பால் இல்லை. 625 கோடு, விநாடிக்கு 25 படம் என்கிற ஒளிபரப்பு முறையின் பெயர். அமெரிக்கா, ஜப்பான் பக்கம் இருந்தது என்ரிஎஸ்சி, 525 கோடு, விநாடிக்கு ஏறத்தாழ 30 படம். டிவிடியோடு சேர்ந்து வருகிற பழைய ஹோம் தியேட்டர் பெட்டிகளிலும் சில ரிசீவர்களிலும் இந்த இரண்டுக்கும் ஒரு தெரிவு உண்டு. அது மாறி நின்று, பழைய ரீவியில் மஞ்சள் வயரால் பார்த்தால் மெனு கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது படம் மேலும் கீழும் உருளும். பெட்டி பழுதென்று தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

புதிய ரிசீவர்கள் பலவற்றில் மஞ்சள் ஓட்டையே இல்லை. அதற்குக் கடையில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய ஒரு மாற்றுப் பெட்டி விற்கிறார்கள். மூன்று வயர் உள்ளே, எச்டிஎம்ஐ வெளியே. மலிவு. வேலை செய்யும். ஆனால் அந்த மலிவுப் பெட்டிகள் பெரும்பாலும் எல்லாப் படத்தையும் 16க்கு 9 ஆக இழுத்துத்தான் வெளியே விடும். ரிசீவருக்கு வரும்போதே படம் ஊதிவிட்டது, ஆகையால் அதன் அஸ்பெக்டை மாற்றியும் ஒன்றும் நடக்காமல் போகலாம். அப்போது ரீவியின் பிக்சர் சைஸை 4:3 ஆக்குங்கள். ரீவி இரண்டு பக்கமும் அமத்திப் பழைய அளவுக்குக் கொண்டு வந்துவிடும். பக்கத்து வீட்டு ஹாஜியார் வீட்டில் இப்படித்தான் சரி பண்ணினேன்.

4கே பற்றியும் கேட்கிறார்கள். கசெற்றுக்கு 4கே என்று எழுதி வருவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. பால் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற கோடே 576தான், அதிலும் விஎச்எஸ் கசெற்றின் தெளிவு இன்னும் குறைவு. ரிசீவர் எவ்வளவு பெருப்பித்தாலும் அதில் இல்லாததைக் கொண்டு வர முடியாது. புதிய பெட்டி ஒன்றைப் பூட்டி 4கே பார்க்கும்போது திரை கறுத்துக் கறுத்து வந்தால் பெரும்பாலும் வயர்தான் பிழை, அல்லது ரிசீவரின் "4கே சிக்னல் ஃபோர்மற்" வயருக்குத் தாங்காத நிலையில் நிற்கிறது. அதை ஒரு படி குறைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் திருத்தக் கூடிய பிழைகள். செற்றிங் பிழைத்தால் கசெற்றுக்கு ஒன்றும் ஆகாது, நாளைக்கு மாற்றிவிடலாம். எனக்குப் பயம் வேறு இடத்தில். கசெற்றைப் பென் டிரைவுக்கு மாற்றித் தருகிற கடைகள் இருக்கின்றன, நல்ல சேவைதான். ஆனால் "எச்டி ஆக்கித் தாறம், ஃபுல் ஸ்கிரீன் ஆக்கித் தாறம்" என்றால் கவனம். இழுத்து மாற்றித் தந்தால் ரீவியில் 4:3 போட்டு ஓரளவு மீட்கலாம். ஸூம் பண்ணி மாற்றித் தந்தால் வெட்டுப்பட்ட நாலில் ஒரு பங்கு அந்த ஃபைலில் கிடையவே கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டுக்கு அப்படித்தான் மாற்றி, போதாததற்கு ஆட்களின் கதை பேச்சையெல்லாம் எடுத்துவிட்டு அதன் மேல் ஒரு பாட்டையும் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்காரர் சந்தோசமாக மூலக் கசெற்றைக் குப்பையில் போட்டுவிட்டார். அந்தக் கலியாணத்தில் நிக்காஹ் நடந்த சத்தம் இனி எங்கேயும் இல்லை. கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: 4க்கு 3, 720க்கு 576, வெட்டக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, கசெற்றைத் திருப்பித் தர வேண்டும். எழுதிக் கொடுங்கள்.

இப்போது போனில் பழைய முகத்தைத் தெளிவாக்கித் தருகிற செயலிகள் வந்துவிட்டன. பிள்ளைகள் ஆசையாகச் செய்கிறார்கள். பெரிய மாமாவின் முகத்தையும் ஒரு தங்கச்சி அப்படிச் செய்து குடும்ப வட்ஸ்அப்பில் போட்டாள். கண்ணிமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அந்த இமைகள் கசெற்றில் இல்லை. ஏதோ ஆயிரக்கணக்கான ஆட்களின் முகத்தைப் படித்த இயந்திரம் தன் ஊகத்தில் வரைந்தது. மாமி பார்த்துவிட்டு, "நல்ல வடிவா இருக்கு மகள்" என்று சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்தார். அதில் ஒரு தரம்கூட அவர் "இவர்" என்று சொல்லவில்லை. விளையாட்டுக்குச் செய்வது வேறு, அதையே வைத்துக்கொண்டு மங்கலானதை அழிப்பது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

கசெற்றுக்கும் ஆயுள் உண்டு. விஎச்எஸ் வந்தது 1976இல். உலகத்தில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கொம்பனி 2016 ஜூலையோடு நிற்பாட்டிவிட்டது. இனி ஓடுவதெல்லாம் பழையது, ஹெட் தேய்ந்தால் மாற்ற ஆள் தேட வேண்டும். ஈரமும் உப்புக் காற்றும் பட்ட கசெற்றில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணாடிப் பக்கத்தால் பாருங்கள், நாடாச் சுருளில் வெள்ளைத் தூள் மாதிரித் தெரிந்தால் டெக்கில் போட வேண்டாம். கசெற்றும் கிழியும், டெக்கின் ஹெட்டும் அடைபடும், அதற்குப் பிறகு போடுகிற நல்ல கசெற்றுக்கும் அது தொற்றும்.

மாமி டெக்கை என்னிடம் தந்திருக்கிறார். ஹெட் சுத்தம் பண்ணி வைத்திருக்கிறேன். கொம்பியூட்டரில் பதிகிற வயரும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன், ஒரு நாளைக்கு ஒரு கசெற்தான் முடியும், ஏனென்றால் மூன்று மணித்தியாலக் கசெற் பதிய மூன்று மணித்தியாலம் வேண்டும். காசு வேண்டாம், பென் டிரைவ் கொண்டு வாருங்கள். தமிழ் ஆட்களின் கசெற்றும் கொண்டு வரலாம், தண்ணீரூற்று, முள்ளியவளைப் பக்கம் எடுத்தது என்றால் கட்டாயம் கொண்டு வாருங்கள். யார் வீட்டுப் பந்தலில் யார் நிற்கிறார் என்று உம்மாவும் ரீச்சரின் அம்மாவும் இருந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கசெற்றை மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துக் கொண்டு வராதீர்கள், இந்த வெயிலுக்குப் பெட்டி வளைந்துவிடும். துணிப்பையில் நிமிர்த்தி வைத்துக் கையில் கொண்டு வந்தால் நல்லம்.